ஒரு முள்ளெலிக்கு இரண்டு வீடு

எனக்கு உட்காரத் தெரியாது. டீயைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவள் என்பார் என் வீட்டுக்காரர். ஒரு பெரிய துணிக்கடையின் பின்பக்கம், விற்ற உடுப்பை வாங்கியவர் உடம்புக்குத் தக்கபடி பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அங்கேயும் மெஷின் முன்னால் உட்காரச் சொன்னால் முகம் சுளிப்பேன். குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு ஆட்களைச் சுற்றிச் சுற்றி வந்து அளவு பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். அப்படிப்பட்ட நான், சாயங்காலமானால் தோட்டத்தில் ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் குந்தியிருக்கப் பழகினேன். ஒரு முள்ளெலிக்காக.

முள்ளெலி என்றதும் பலர் முள்ளம்பன்றியை நினைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போகிறார்கள். அது வேறு, இது வேறு. இது இரண்டு உள்ளங்கையில் அடங்கும். முதுகெல்லாம் முள், வயிறெல்லாம் மெத்தென்ற மயிர், நீண்ட ஈர மூக்கு. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி ஒரு நடை. அந்த நடையைப் பார்த்ததுமே, இது நம்ம ஆள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எங்கள் வீடு ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பாகம். இடது பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணனும் அவர் மனைவியும். அவள் எனக்கு ஓரகத்தி, ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வலது பக்கம் நாங்கள். பின்னால் இருக்கிற தோட்டம் இரண்டு பாகத்துக்கும் பொது. நடுவில் சுவர் கிடையாது, வரிசையாகப் பூந்தொட்டிகள் மட்டும். மூத்தவர் பல் செட் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறார். யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லை நாள் முழுக்க உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து, இருக்கிற பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துபோய் வீட்டுக்கு வருவார். என் வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று பார்க்கிறவர். தாமதம் என்றால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஓர் ஏணி. ஒருநாள் மூத்தவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏணி போட்டு ஏறியிருக்கிறார். அந்தப் பக்கம் வந்த என் வீட்டுக்காரர், சும்மா சாய்ந்து நிற்கிற ஏணிதானே என்று தூக்கிக்கொண்டுபோய் எங்கள் பக்கம் ஒரு பல்பை மாட்டிவிட்டு, அப்படியே உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். நானும் அக்காவும் வேலையிலிருந்து திரும்பும்வரை மூத்தவர் மாடியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார். தொண்டை கிழியக் கத்தினேன் என்கிறார் அவர். காதில் விழவில்லை என்கிறார் இவர். விழுந்தும் விழாதமாதிரி கிடந்தான் என்கிறார் அவர். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். இதற்குப் போய் யாராவது வருஷக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா என்று கேட்காதீர்கள். கூடப் பிறந்தவர்களால் முடியும்.

பேச்சு நின்றதில் தோட்டத்துக் கேட் கெட்டுப்போனது. பக்கவாட்டுச் சந்தில் திறக்கிற சின்னக் கேட் அது. கொக்கி உடைந்ததும், அவர் சரிசெய்யட்டும் என்று இவரும், அவன் சரிசெய்யட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்கள். கடைசியில் நான்தான் கடையிலிருந்து அகலமான எலாஸ்டிக் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கட்டிவைத்தேன். போகும்போதும் வரும்போதும் அவிழ்த்துக் கட்டவேண்டும். அதற்கும் இரண்டு பேரும் முணுமுணுத்தார்கள்.

முள்ளெலியை முதலில் பார்த்தது தான்தான் என்பது இவர் கணக்கு. இருட்டத் தொடங்குகிற நேரத்தில் இலைக்குப்பைக்குள்ளிருந்து வந்து, ஒவ்வொரு தொட்டியாக முகர்ந்து பார்த்துவிட்டு, எதுவும் சரியில்லை என்பதுபோல் திரும்பிப் போயிற்றாம். அதனால் அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தார். யார் யாரிடமோ விசாரித்தார். பால் வைத்தால் வயிற்றைக் கெடுக்கும், ரொட்டி கூடாது, பூனைக்கு விற்கிற பிஸ்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம் என்று தெரிந்துகொண்டார். பொழுது சாய்ந்ததும் கிண்ணம் வெளியே போய்விடும். சூப்பர்வைசர் வரக் கொஞ்சம் நேரமானால் இவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார்.

"இன்னைக்கு லேட்டு."

"அதுக்கு என்ன, பஸ்ஸா?" என்பேன் நான். ஆனால் நானும் கூடவே நடந்துகொண்டிருப்பேன்.

அக்காவோடு நான் பேசுவதுண்டு. ஆம்பளைகள் சண்டையில் எங்களுக்கென்ன. துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஒருநாள் அவள் போர்வையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"எங்க பக்கம் தினமும் ஒரு மகாராணி வர்றா."

"எந்த மகாராணி?"

"முள்ளெலிதான். முட்டையை அவிச்சு, மஞ்சக்கரு தனியா வெள்ளைக்கரு தனியா உதிர்த்து வைக்கிறாரு எங்க வீட்டுக்காரரு. எனக்கு ஒருநாளாவது எதையாவது உதிர்த்துக் குடுத்திருப்பாரா?"

மூத்தவர் அதற்கென்று ஒரு தட்டே செய்திருந்தார். பல் செட்டின் ஈறுக்குப் போடுகிற அதே இளஞ்சிவப்புப் பொருளில், மகாராணியின் தாடை இடிக்காதபடி விளிம்பை வழுவழுவென்று தேய்த்து, தாழ்வாக. தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டத்தில் யாரோ வாயைத் திறந்துகொண்டு கிடப்பதுபோல இருக்கும்.

இதை நான் வீட்டுக்குள் சொன்னதுதான் தப்பு. மறுநாளிலிருந்து எங்கள் கிண்ணத்தில் பிஸ்கட் கூடிற்று. அதை அக்கா அங்கே சொன்னாள். அங்கே முட்டை கூடிற்று. என் முள்ளெலி கொழுகொழுவென்று இருக்கிறது என்று இவர் மார்தட்ட, நம்ம மகாராணி நடந்தாலே தரை அதிர்கிறது என்று அவர் பெருமையடிக்க, தூது போகிற வேலை எங்கள் தலையில். இரண்டு முள்ளெலி இருக்கிற தோட்டம் என்று நாங்களும் பூரித்துப்போனோம்.

எனக்குத்தான் லேசாக ஒரு சந்தேகம். இரண்டு இருந்தால் ஒருநாளாவது சேர்ந்து வந்திருக்காதா? ஒரு சாயங்காலம் தையல் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் குந்தினேன். சூப்பர்வைசர் வந்து கிண்ணத்தில் தலையை விட்டதும், மெல்லக் கையை நீட்டி முதுகு முள்ளில் நீலக்கோடு ஒன்று போட்டேன். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது நெற்றியைச் சற்றுச் சுருக்கியதோடு சரி, தின்றுகொண்டே இருந்தது. என்னிடம் பயம் விட்டுப்போயிற்று என்று எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குள் போய் நாலு தடவை சொன்னேன்.

மறுநாள் காலையில் அக்கா கொடிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "ஏம்மா, மகாராணி முதுகுல ஏதோ நீலமா இருக்கு. அடிகிடி பட்டிருக்குமோன்னு எங்க வீட்டுக்காரரு தூங்கவே இல்ல."

நான் சிரித்த சிரிப்பில் துணி கையிலிருந்து மண்ணில் விழுந்தது. விஷயம் புரிந்ததும் அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினோம். அந்தச் சின்ன உடம்பு இத்தனை நாளும் இரண்டு வீட்டுச் சாப்பாட்டைத் தின்றிருக்கிறது.

அந்த வாரமே மூலைவீட்டு நாய் வந்தது. நீண்ட காலும் கூரிய மூஞ்சியுமாக ஒரு நாய். பகல் மங்கவில்லை, கேட் எலாஸ்டிக்கை யாரோ சரியாகக் கட்டவில்லை. நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். முள்ளெலி நாயைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்தது. முதுகு உயர்ந்தது, முள்ளெல்லாம் நிமிர்ந்தது. ஆனால் கீழே சேரவில்லை. வயிற்றுப் பக்கம் வெளிறிய மயிர் மூன்று விரல் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. ஒரு பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேலையில் தினமும் பார்க்கிற காட்சிதான். வயிற்றை எக்கிப் பிடித்தும் பட்டன் சேராத சட்டை. நாய் அந்த இடத்தில் சரியாக மூக்கை வைத்தது. தோட்டத்தில் நின்ற இவர் செருப்பைக் கழற்றி வீசினார், அது காதில் பட்டதும் நாய் ஓடிவிட்டது. முள்ளெலி வெகுநேரம் அதே அரைகுறைப் பந்தாக நடுங்கிக்கொண்டு கிடந்தது.

நானும் அக்காவும் அதை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வைத்தியம்மா கையுறை போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த வீட்டுது இது?"

"வீட்டுது இல்ல டாக்டர், தோட்டத்துது."

"பார்த்தா அப்படித் தெரியலையே. புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு. ஆனா பொண்ணுதான்."

நாய் வந்ததையும் இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் நாங்கள் சொன்னதும், சிரிக்காமல் சொன்னார். "முதுகைச் சுத்தி இதுக்கு ஒரு தசை இருக்கு. சுருக்குப் பை வாயில நாடா இருக்குல்ல, அது மாதிரி. இழுத்தா மூடிக்கணும். மூடிக்கிட்டா எந்த நாயும் ஒண்ணும் பண்ண முடியாது. இதுக்கு நாடா நல்லாத்தான் இருக்கு. பைக்குள்ளதான் சாமான் ஜாஸ்தி."

"கூண்டுல வெச்சு இளைக்க வைக்கலாமா?" என்று கேட்டாள் அக்கா.

"கூண்டுல போட்டா நடக்காது. நடந்தாத்தான் இளைக்கும். தோட்டத்துலேயே விடுங்க, பூச்சி புழுவைத் தேடித் தின்னட்டும். தண்ணி மட்டும் எப்பவும் இருக்கணும். சாப்பாடு ஏதாவது ஒரு வீட்டுல மட்டும். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சமா. இன்னொரு வீடு சுத்தமா நிறுத்தணும். இல்லைன்னா அடுத்த தடவை நாய் வர்றப்போ நீங்க ஜன்னல்ல நிக்கணுமே."

எந்த வீடு நிறுத்துவது? அதைத்தான் சொல்லவில்லை வைத்தியம்மா. இவரிடம் சொன்னேன்.

"அவர் நிறுத்தட்டும். முட்டைலதான் கொழுப்பு."

அங்கே அக்கா சொன்னாள். "அவன் நிறுத்தட்டும்ங்கிறாரு. பிஸ்கட்தான் உடம்பை ஊத வைக்குதாம். அதோட, பொண்ணுன்னு டாக்டரே சொல்லிட்டாங்களாம், அதனால மகாராணிதானாம்."

"சூப்பர்வைசர்ல பொம்பளை இருக்கக் கூடாதா?" என்றார் இவர், நான் என்னவோ அந்தக் கட்சிக்கு வக்கீல் மாதிரி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "செத்துப்போனா என்ன பேர் வெச்சுக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன். கடைசியில் இரண்டு பேருமே நிறுத்திவிடுவதாக அவரவர் மனைவியிடம் ஒத்துக்கொண்டார்கள். தண்ணீர் மட்டும் வைப்பது, அது கொஞ்சம் இளைத்த பிறகு மற்றதைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு பேரும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாட்கள் போயின. அது இளைக்கவில்லை. ஒரு சாண் நடந்துவிட்டு மூச்சு வாங்குவதுபோல் நின்றது. தினமும் போய் மெல்லத் தொட்டுப் பார்ப்பேன். நெற்றி சுருங்கும், முள் நிமிரும், வயிறு அப்படியே திறந்து கிடக்கும். மூலைவீட்டுக்குப் போய் நாயைக் கட்டிவைக்கச் சொன்னேன். "அது கடிக்காதுங்க" என்றார் அந்த வீட்டுக்காரர். நாய் அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குண்டூசி குத்திக் குத்தி விரல் சல்லடையாயிற்று. பிடிக்கச் சொன்ன இடுப்பைப் பிரித்துவிட்டேன், பிரிக்கச் சொன்னதைப் பிடித்துவிட்டேன். பொழுது சாய்கிற நேரம் நெருங்கினால் கேட் கட்டியிருக்கிறதா, கட்டியிருக்கிறதா என்று மனசு அடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாகச் சந்துக்குப் போய் எலாஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பேன். உள்ளே வந்து டீயை ஊற்றுவேன், குடிக்காமல் மறுபடி போய் இழுத்துப் பார்ப்பேன்.

ஒருநாள் இவருடைய கால்சட்டையில் பிரிந்த பையைத் தைக்க எடுத்தேன். பையை வெளியே இழுத்தால் பொலபொலவென்று பிஸ்கட் தூள் கொட்டிற்று.

"என்ன இது?"

"எப்பவோ போட்டது."

"ஈரமா இருக்கு."

அவர் பையை மறுபடி உள்ளே திணிக்கப் பார்த்தார். "நான் நிறுத்திட்டா அவர் நிறுத்துவாருன்னு என்ன நிச்சயம்? அப்புறம் அது அவர் பக்கமே போயிடும். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது."

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனுஷன், பொம்மையைப் பறித்துவிடுவார்களோ என்று நிற்கிற குழந்தை மாதிரி நின்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் தன் வீட்டுக்காரரின் டிபன் டப்பாவைத் திறந்து காட்டினாள். மதியத்துக்குக் கொடுத்தனுப்பிய முட்டை பாதி தின்னாமல் அப்படியே திரும்பி வந்திருந்தது. தினமும் அப்படித்தான் வருகிறதாம். திரும்பி வந்த பாதி எங்கே போகிறது என்று இப்போதுதான் அவளுக்கும் புரிந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஒரு சின்ன ஜீவனை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று அன்பாலேயே கொன்றுகொண்டிருந்தார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுநாள் ஒரு மனிதருடைய கால்சட்டையின் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஒரே தையலாகத் தைத்துவிட்டேன். முதலாளி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போம்மா" என்றார். ஓட்டமும் நடையுமாக வந்தேன். வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை. வாசல் வழியாக நேரே உள்ளே நடந்து சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

தோட்டத்தில் எங்கள் பக்கம் இவர் ஒரு செடிக்குப் பின்னால் குனிந்திருந்தார், கைநிறைய ஊறிய பிஸ்கட். அந்தப் பக்கம் மூத்தவர், செய்தித்தாளுக்குள் மறைத்த இளஞ்சிவப்புத் தட்டோடு பதுங்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில், தொட்டிகளுக்கு இடையே, முள்ளெலி எந்தப் பக்கம் முதலில் போவது என்று மூக்கைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. வந்த ஆத்திரத்தில் பின்கதவைத் திறந்தேன். அப்போதுதான் கேட்டைப் பார்த்தேன். எலாஸ்டிக் தொங்கிக்கொண்டிருந்தது. நாய் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தது.

என் வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் நாய் பாதித் தோட்டத்தைத் தாண்டிவிட்டது. முள்ளெலி தலையை இழுத்துக்கொண்டது. அதே அரைகுறைப் பந்து, பக்கவாட்டில் அதே திறப்பு. மூத்தவர்தான் பக்கத்தில் இருந்தார். தட்டைப் போட்டுவிட்டு மண்டியிட்டார். இரண்டு கையையும் அந்தத் திறப்பின்மேல் வைத்து, இரண்டு பக்க முள்ளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கையுறை இல்லை, துணி இல்லை, வெறும் கை. நாயின் மூஞ்சி அவர் விரலில் இடித்தது. பிடியை விடவில்லை.

இவர் தொட்டிவரிசையைத் தாண்டிக் குதித்தார். ஒரு தொட்டி உருண்டு உடைந்தது. நாயின் கழுத்துப் பட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தார். நாய் அவரை இழுத்தது.

"விட்டுடாதே" என்றார் மூத்தவர், நிமிர்ந்து பார்க்காமலே.

"நான் விடல. நீங்க விட்டுடாதீங்க."

"கை போகுதுடா."

"கொஞ்சம் பொறுத்துக்கங்கண்ணா. இதோ, இதோ."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். அதைக் கவனிக்க அப்போது யாருக்கும் நேரமில்லை. நான் ஓடிப்போய் நாயின் பட்டையை இன்னொரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாகச் சந்துவரை இழுத்துக்கொண்டு போனோம். மூலைவீட்டு வாசலில் அதை ஒப்படைக்கும்போது இவர், "கடிக்காதுன்னீங்களாமே" என்று மட்டும் சொன்னார். சொன்ன விதத்தில் அந்த மனிதர் அன்றைக்கே சங்கிலி வாங்கினார்.

திரும்பி வந்தபோதும் மூத்தவர் அப்படியே மண்டியிட்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா நாய் போய்விட்டது என்று சொல்லியும் கையை எடுக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளங்கை இரண்டும் பொட்டுப் பொட்டாக ரத்தம். முள்ளெலி மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கீழே கொட்டிக் கிடந்த முட்டையை முகர்ந்தது. இவர் அவசரமாகக் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார்.

குழாயடியில் அண்ணன் கையைத் தம்பி பிடித்துக் கழுவினார்.

"ஏன்டா கேட்டைக் கட்டல?"

"நானா? நீங்கதானே கடைசியா வந்தீங்க."

"நான் வர்றப்பவே அவுந்துதான் கிடந்தது."

"அப்போ கட்டியிருக்கலாமில்ல?"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு இனிமையான சண்டையை நான் என் காதால் கேட்டதில்லை. யார் கட்டாமல் விட்டது என்று இன்றுவரை தெரியாது. மறுநாளே இரண்டு பேரும் கடைக்குப் போய், எந்தக் கொக்கி நல்லது என்று வழியெல்லாம் தர்க்கம் பண்ணிக்கொண்டே வாங்கிவந்து மாட்டினார்கள்.

மூத்தவருக்கு ஊசி போட்டு, கையில் கட்டுப் போட்டு, லீவு கொடுத்து வீட்டில் உட்காரவைத்தார்கள். சாப்பாடு வைப்பது எங்கள் பக்கம் என்று ஆயிற்று. ஆனால் இவர் கிண்ணத்தைக் கொண்டுபோகும்போதெல்லாம் அந்தப் பக்க நாற்காலியிலிருந்து குரல் வரும். "அள்ளாதே." "அது ஜாஸ்திடா." "பாதியை எடு." ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வைக்காத நாள்தான் எங்களுக்கு நரகம். அது வரும், கிண்ணம் இருந்த இடத்தை முகரும், தட்டு இருந்த இடத்துக்குப் போகும், மறுபடி இந்த இடத்துக்கு வரும். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதுபோல இருந்தது எனக்கு. வீட்டுக்குள் நடந்து நடந்து தரை தேய்ந்தது. "ஒரே ஒரு பிஸ்கட்" என்பார் இவர். "கை வெச்சீங்கன்னா பாருங்க" என்பேன். சொல்லிவிட்டு நானே போய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன்.

பிறகு அது முகர்ந்து பார்ப்பதைக் குறைத்துக்கொண்டது. இலைக்குப்பைக்குள்ளிருந்து மொறுமொறுவென்று சத்தம் வர ஆரம்பித்தது. வண்டு தின்கிறது என்றார் மூத்தவர், பல்லைப் பற்றித் தெரிந்தவர் என்கிற தோரணையில். சில நாள் வேலியோரமாக எங்கோ போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தது. சில நாள் வரவே இல்லை. வராத நாட்களில் நாலு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

மூத்தவரின் கட்டை அவிழ்த்த பிறகு ஒரு சாயங்காலம், அது தொட்டிகளுக்கு நடுவில் நடந்து வந்தது. இடுப்பு தெரிந்தது. நாலு பேரும் வெளியே வந்தோம். யார் தொடுவது என்று யாரும் கேட்கவில்லை. மூத்தவர் குனிந்து, தழும்பு விழுந்த கையின் ஒரு விரலால் முதுகைத் தொட்டார்.

சட்டென்று மூடிக்கொண்டது. மூக்கு போயிற்று, பாதம் போயிற்று, வயிறு போயிற்று. நான் மண்ணில் முழங்காலை ஊன்றி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். ஊசி நுழைய இடமில்லை.

"மூஞ்சியே காட்ட மாட்டேங்குது" என்றார் இவர். "நம்மளைக் கண்டு பயப்படுதுண்ணா."

"பயப்படட்டும்டா. அதுக்குத்தானே இவ்வளவும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மூட முடியாமல் கிடந்ததைத்தான் என்மேல் வைத்த பாசம் என்று நினைத்து வீடு முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன் என்பதும் அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

நாங்கள் உள்ளே போனால்தான் அது திறக்கும். எல்லாருக்கும் தெரியும்.

"நீ போடா, நான் பின்னால வர்றேன்" என்றார் மூத்தவர்.

"நீங்க போங்கண்ணா. நான் கேட்டைப் பார்த்துட்டு வர்றேன்."

"கேட்டு பூட்டித்தான் இருக்கு."

யாரும் நகரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் எப்போது போய்த் தொலைவோம் என்று அது உள்ளே காத்துக்கொண்டிருந்தது.